கருவாடும் கடவுளும்: ஒரு முத்தொகுதியைப் பாளையங்கோட்டைப் பிள்ளைகள் வாசித்த கதை

2023 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம் ஆரம்பித்து 2024 மார்ச் வரைக்கும், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், சனிக்கிழமை சாயங்காலம் தோறும் 11 பிள்ளைகளோடு உட்கார்ந்து பிலிப் புல்மனின் ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ மூன்று புத்தகங்களையும் வாசித்து முடித்தோம். எந்த இடத்தில் யார் என்ன சொன்னார்கள், யார் எழுந்து போனார்கள், எந்தப் பக்கத்துக்கு அப்புறம் யார் வீட்டிலிருந்து ஆள் வந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். அந்த நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகள் எல்லாம் 12 வயதிலிருந்து 15 வயதுக்குள். பெயர் எதையும் எழுதப்போவதில்லை, அவர்களிடம் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் புத்தகங்களைப் பற்றி வெளிநாடுகளில் நடந்த சண்டையெல்லாம் கடவுளைப் பற்றியது. எங்கள் மாடிக்கு ஏறி வந்த பெரியவர்களும் அதையேதான் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகளோ அந்தப் பக்கத்தைக் கிட்டத்தட்ட கவனிக்காமலே தாண்டிப் போனார்கள். அவர்களைத் தூங்கவிடாமல் செய்தது வேறு இடம். அந்த இடத்துக்கு நான் அவர்களைத் தயார் செய்யவே இல்லை.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். முதல் புத்தகம் ‘நார்தர்ன் லைட்ஸ்’ 1995-இல் வந்தது, அமெரிக்காவில் அதற்கு ‘த கோல்டன் காம்பஸ்’ என்று பெயர். இரண்டாவது ‘த சட்டில் நைஃப்’, 1997. மூன்றாவது ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’, 2000. முதல் புத்தகம் பிரிட்டனில் சிறுவர் இலக்கியத்துக்கான கார்னகி பதக்கத்தை வாங்கியது. மூன்றாவதுக்கு 2001-ஆம் ஆண்டின் சிறந்த புத்தகம் என்று விட்பிரெட் பரிசு கிடைத்தது. பெரியவர்களுக்கான நாவல், கவிதை, வாழ்க்கை வரலாறு எல்லாவற்றோடும் போட்டி போட்டு ஒரு சிறுவர் புத்தகம் அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. புல்மன் ஆக்ஸ்போர்டில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், கிரேக்கப் பழங்கதைகளைப் பிள்ளைகளுக்கு வாயாலேயே சொல்லிப் பழகியவர். அது புத்தகத்தில் தெரியும். வாய்விட்டு வாசித்தால் அப்படியே ஓடுகிற நடை.

கதையில் லைரா என்ற சிறுமி வாழ்வதும் ஒரு ஆக்ஸ்போர்டுதான், ஆனால் வேறொரு உலகத்து ஆக்ஸ்போர்டு. பாளையங்கோட்டையைத் ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்று சொல்லிக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் என்பதால் அந்த முதல் பக்கமே அவர்களுக்குச் சொந்த ஊராகிவிட்டது. அந்த உலகத்தில் மனுசனுடைய ஆன்மா உடம்புக்குள்ளே இல்லை, வெளியே ஒரு விலங்காகக் கூடவே நடக்கிறது, பேசுகிறது, சண்டை போடுகிறது. பிள்ளைப் பருவத்தில் அது நினைத்தபடி உருவம் மாறும், ஒரு நேரம் பூனை, ஒரு நேரம் விட்டில். வயசுக்கு வரும்போது ஒரே உருவத்தில் நிலைத்துவிடும். அதே வயதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி மனுசர்கள் மேல் வந்து படிய ஆரம்பிக்கிறது. அந்த உலகத்தை ஆளுகிற திருச்சபை அந்தத் தூசிதான் பாவம் என்று நம்புகிறது. அது படியாமல் இருக்க என்ன வழி? பிள்ளையையும் அதன் விலங்கையும் முன்கூட்டியே வெட்டிப் பிரித்துவிடுவது. வடக்கே பனிப் பிரதேசத்தில் அதற்கென்று ஒரு நிலையம் கட்டி, பிள்ளைகளைக் கடத்திக்கொண்டு போய் அங்கே வைத்திருக்கிறார்கள்.

சொற்களால் முதல் மூன்று வாரம் படாதபாடு பட்டோம். நான் ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாசித்து, அதையே தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். அந்த விலங்குக்குப் புத்தகத்தில் இருக்கிற பெயர் ‘டீமன்’. உச்சரித்த உடனே ஒரு பையன், “பேயா டீச்சர்?” என்றான். ஆங்கிலத்திலும் அந்த ஓசைக் குழப்பம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் புல்மன் எடுத்துக்கொண்டது பழைய கிரேக்கச் சொல்லை, அதற்கு ஆளோடு கூடவே இருக்கிற ஒரு ஆவி என்று பொருள். நான் ‘உயிர்த்துணை’ என்று மொழிபெயர்த்துக் கொண்டுபோயிருந்தேன். நோட்டில் அழகாக இருந்த அந்தச் சொல்லைப் பிள்ளைகள் யாரும் வாயில் எடுக்கவில்லை. இரண்டாவது வாரம் மேலப்பாளையத்திலிருந்து வருகிற பெண் பிள்ளை, “சேக்காளின்னு சொன்னா என்ன? கூடவே சுத்துது, ரகசியம் எல்லாம் தெரியுது, கோவிச்சுக்குது, அப்பொறம் அதுவே வந்து ஒட்டிக்கிடுது” என்றாள். சேக்காளி என்றால் எங்கள் பக்கத்தில் கூட்டாளி. அன்றைக்கு முடிவானது. அதற்கப்புறம் யாருடைய சேக்காளி என்ன உருவம் என்று தினமும் ஒரு பேச்சு. அவரவர் தனக்குத் தேர்ந்தெடுத்ததில் இரண்டு மரநாய், ஒரு மைனா, ஒரு கீரி, ஒரு தெருநாய். தெருநாயைச் சொன்ன பையன் அதில் உறுதியாக இருந்தான், மற்றவர்கள் எவ்வளவு சிரித்தும் மாற்றிக்கொள்ளவில்லை. தூசிக்குப் புழுதி என்று பெயர் வைத்தார்கள். ஒருத்திக்குத் திசையன்விளைப் பக்கம் தாத்தா வீடு, அவள் தேரிக்காட்டுச் செம்மண் புழுதியைத்தான் நினைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சொல் அவர்களுடையதாக ஆனதால்தான் அப்புறம் வந்ததெல்லாம் அவ்வளவு ஆழமாக இறங்கியது.

ஆகஸ்ட் 5, சனிக்கிழமை. முதல் புத்தகத்தின் நடுவில் லைரா ஒரு குளிர்ந்த கொட்டகைக்குள் போகிற இடம் வந்தது. உள்ளே ஒரு சிறுவன், காணாமல் போன பிள்ளைகளில் ஒருவன். அவனுடைய சேக்காளியை வெட்டி எடுத்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் ஒரு காய்ந்த மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்கிறான். நான் கருவாடு என்று சொன்னேன், அதுதானே நம் சொல். சொன்ன உடனே கொல்லென்று சிரிப்பு. அடுத்த வரிக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு ராத்திரியே அந்தச் சிறுவன் செத்துப்போகிறான். பெரியவர்கள் அந்த மீனைப் பிடுங்கி நாய்களுக்குப் போட்டுவிடுகிறார்கள். லைரா கோபத்தில் கத்துகிறாள், அப்புறம் ஒரு தங்கக் காசை வாங்கி, அவனுடைய சேக்காளியின் பெயரை அதில் கீறி, அவன் வாயில் வைக்கிறாள். வாசிப்பை நிறுத்தினேன். யாரும் பேசவில்லை. ஒரு பெண் பிள்ளை மெதுவாக, “வாய்க்கரிசி போடுதா” என்றாள்.

அன்றைக்கு ஏழு பேர் கேட்டது ஒரே கேள்வி, வேறு வேறு விதமாக. வெட்டுகிறவர்கள் யாரும் கோபக்காரர்களாக இல்லையே, வெள்ளைக் கோட்டுப் போட்டு, சாப்பாடு கொடுத்து, சிரித்துப் பேசி, நல்லதுக்குத்தான் என்று சொல்லி வெட்டுகிறார்களே, அது எப்படி? “எதுக்கு டீச்சர் வெட்டுதாவ? அவியளுக்கும் சின்ன வயசுல சேக்காளி இருந்துருக்கும்லா?” நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் பேசுவோம் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமைக்குள் நாங்குநேரி நடந்துவிட்டது.

ஆகஸ்ட் 9 ராத்திரி, இங்கிருந்து 30 கிலோமீட்டர் போல இருக்கிற நாங்குநேரியில், 12-ஆம் வகுப்பு படிக்கிற ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து கூடப் படிக்கிற பிள்ளைகள் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. செய்தி உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்கப்புறம் அரசு நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அமர்த்தியதும், 2024 ஜூனில் வந்த அவருடைய அறிக்கை கையில் கட்டுகிற வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யச் சொன்னதும் தெரியும். அந்தக் கயிறு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிது இல்லை. எந்த நிறம் எந்தச் சாதி என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும்.

12-ஆம் தேதி மாடிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். புத்தகத்தை எடுத்தேன், எனக்கே வாய் வரவில்லை. ஜூனிலிருந்து நான் சொல்லிவந்த சொல் ‘வெட்டு’. சேக்காளியை வெட்டுகிறார்கள், வெட்டுகிற மிஷின், வெட்டப்பட்ட பிள்ளை. அந்த வாரம் முழுக்க ஊரில் எல்லார் வாயிலும் இருந்ததும் அதே சொல். சரி, இனி ‘பிரிப்பு’ என்று வைத்துக்கொள்வோம் என்றேன். பெரும்பாலும் பேசாமலே இருக்கிற ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் உடனே சொன்னான்: “வேண்டாம் டீச்சர். வெட்டுதான். பிரிப்புன்னா தானா பிரிஞ்ச மாதிரி இருக்கு.”

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த ஆய்வை எழுதலாம் என்று எனக்குத் தோன்றும். அன்றைக்கு நாங்கள் ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை. அவனே அப்புறம் பேசினான், அஞ்சாம் வகுப்பு வரைக்கும் தனக்கு ஒரு சேக்காளி உண்டு என்றும், ஆறாம் வகுப்பில் ரெண்டு பேர் கையிலும் வேற வேற கலர்ல கயிறு கட்டிவிட்டார்கள் என்றும், அப்புறம் அவன் பேசவே இல்லை என்றும். யார் கட்டிவிட்டார்கள் என்று நான் கேட்டேன். “பெரியவிய” என்றான். கொட்டகையில் கருவாட்டைக் கட்டிப்பிடித்திருந்த சிறுவன் யார் என்பதைப் பிள்ளைகள் எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

மாயக்கதை பிள்ளைகளை நிஜத்திலிருந்து வேறெங்கோ கூட்டிக்கொண்டு போய்விடும் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். புத்தகம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு பள்ளி நூலகத்தில் இந்த மூன்றையும் வாங்கி வைக்க முடியுமா என்று கேட்டபோது, அட்டையைப் பார்த்துவிட்டு, பொதுத்தேர்வுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் நாங்குநேரிச் செய்தியை வெறும் செய்தியாக வைத்துப் பேசியிருந்தால் அவன் வாயைத் திறந்திருக்கவே மாட்டான். வேறொரு உலகத்துப் பனிக்குள்ளே ஒரு பிள்ளைக்கு நடந்ததைப் பற்றிப் பேசலாம் என்றபோதுதான் அவனுக்குப் பேச முடிந்தது.

முதல் புத்தகத்தின் முடிவுக்குச் செப்டம்பரில் வந்தோம். லைராவின் சொந்த அப்பா அஸ்ரியல், வேறொரு உலகத்துக்குப் பாலம் திறப்பதற்காக, அவளுடைய நண்பன் ரோஜரின் சேக்காளியை வெட்டுகிறார், ரோஜர் சாகிறான். இரண்டு பையன்கள் 2007-இல் வந்த சினிமாவை போனில் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். சினிமா அந்த இடத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடும். அதனால் ரோஜர் பிழைத்துக்கொள்வான் என்று அவர்கள் அடித்துச் சொல்லி மற்றவர்களுக்கு தைரியம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வாசித்து முடித்ததும் ஒருவன் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, அந்தப் பக்கத்தைத் தானே எழுத்துக்கூட்டிப் பார்த்தான், நான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று. அஸ்ரியலை யாருமே மன்னிக்கவில்லை, கடைசிவரைக்கும். மூன்றாவது புத்தகத்தில் அவர் தன் உயிரைக் கொடுத்து லைராவைக் காப்பாற்றும்போதுகூட, “ரோஜருக்கு யாரு கொடுப்பா?” என்றார்கள். விமரிசகர்கள் அஸ்ரியலைப் பெரிய கலகக்காரராக, ஆங்கிலக் கவிஞர் மில்டன் பாடிய, கடவுளை எதிர்த்து நின்ற சாத்தானின் வழிவந்தவராகப் பார்ப்பார்கள். எங்கள் மாடியில் அவர் ஒரு பையனைக் கொன்றவர், அவ்வளவுதான். எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது.

இரண்டாவது புத்தகம் சீக்கிரம் ஓடிவிட்டது. வில் என்கிற பையனை எல்லாருக்கும் பிடித்தது. மனம் பேதலித்த அம்மாவை யாருக்கும் தெரியாமல் தானே சமைத்து, கடைக்குப் போய், கதவைப் பூட்டிப் பார்த்துக்கொள்கிற 12 வயதுப் பையன். அந்த அத்தியாயத்துக்கு அப்புறம் ஒரு பிள்ளை எல்லாரும் போனபிறகு தங்கி அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனது. என்ன பேசியது என்பதை எழுத எனக்கு உரிமை இல்லை. உலகங்களுக்கு நடுவே வாசல் வெட்டுகிற கத்தி பற்றி ஒரே ஒரு குறிப்பு: அந்த வாசல்களுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘முடுக்கு’. ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து, டவுன் பக்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கச்சிதமான சொல்.

மூன்றாவது புத்தகத்தை நவம்பரில் ஆரம்பித்தோம். டிசம்பர் 17, 18 வெள்ளம் வந்தது. தாமிரபரணி கொக்கிரகுளத்திலும் வண்ணார்பேட்டையிலும் சிந்துபூந்துறையிலும் வீடுகளுக்குள் ஏறியதில் எங்கள் கூட்டத்தில் மூன்று பிள்ளைகளின் வீடுகளுக்குள்ளும் தண்ணீர் வந்தது. எங்களிடம் இருந்த இரண்டாவது பிரதி அதில் ஒரு வீட்டில் இருந்தது, ஊறிப்போய், காய வைத்த பிறகு மூன்று மடங்கு பருத்து, இன்னும் ஆற்று வண்டல் வாசத்தோடு என் அலமாரியில் இருக்கிறது. நான்கு வாரம் கூட்டம் இல்லை. அந்த நான்கு வாரத்தில் ஒரு பெண் பிள்ளையின் ஆச்சி இறந்துபோனார். பொங்கல் கழிந்து மறுபடி கூடியபோது அடுத்து வாசிக்க வேண்டியிருந்தது செத்தவர்களின் உலகம்.

அதைத் தள்ளிப் போடலாமா என்று யோசித்தேன். அந்தப் பிள்ளையிடமே கேட்டேன். “வாசிங்க டீச்சர், அங்க என்ன இருக்குன்னு பாப்போம்” என்றாள்.

புல்மனின் செத்தவர் உலகத்தில் வெளிச்சம் கிடையாது, யாரும் எங்கேயும் போக முடியாது, பெண் முகமும் கழுகு உடம்புமாக இருக்கிற பறவைகள் ஆவிகளை ஓயாமல் ஏசிக்கொண்டே இருக்கும். லைரா அந்தப் பறவைகளிடம் ஒரு கட்டுக்கதை சொல்கிறாள், அவை பாய்ந்து அடிக்கின்றன. அப்புறம் அவள் தான் விளையாடிய களிமண் காடு, சிறுவர்களின் சண்டை என்று தன் வாழ்க்கையில் நிஜமாகப் பார்த்ததைச் சொல்கிறாள். பறவைகள் அடங்கி உட்கார்ந்து கேட்கின்றன. கடைசியில் ஒரு ஒப்பந்தம்: இனிமேல் செத்து வருகிறவர்கள் தாங்கள் வாழ்ந்த கதையை உண்மையாகச் சொன்னால், பறவைகள் அவர்களை வெளியே போகிற வாசலுக்கு வழிகாட்டிக் கூட்டிப் போகும்.

இங்கேதான் எங்கள் கூட்டத்தில் வில்லுப்பாட்டுக்காரர் வீட்டுப் பையன் எழுந்து உட்கார்ந்தான். அவன் தாத்தா கொடை விழாக்களில் குடம் அடிக்கிறவர். “இது எங்க தாத்தா சொல்லுததுதான் டீச்சர். செத்தவம் கதைய உள்ளபடி பாடணும், கூட்டியோ கொறச்சோ பாடுனா சாமி எறங்காது.” அவன் சொன்னதில் இருக்கிற பொருத்தத்தை நான் அதற்கு முன் யோசித்ததே இல்லை. நம் பக்கத்தில் கொடைக்குக் கொடை வில்லில் பாடப்படுகிற கதைகளில் பாதிக்கு மேல் அநியாயமாகச் செத்தவர்களின் கதைகள்தானே. முத்துப்பட்டன் பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பொம்மக்காளையும் திம்மக்காளையும் கட்டிக்கொண்டு, செருப்புத் தைத்து, மாடு மீட்கப் போன இடத்தில் வெட்டுப்பட்டுச் செத்தான். இன்றைக்கும் பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தய்யனார் கோயிலில் அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். அவன் கதையை ராத்திரி முழுக்கப் பாடுவதும், செத்தவர் தன் கதையைச் சொல்லி வாசல் தாண்டுவதும் ஒன்றுக்கொன்று தூரமானவை இல்லை. இங்கே உயிரோடிருப்பவர்கள் பாடுகிறார்கள், அங்கே செத்தவரே சொல்கிறார், வித்தியாசம் அதுமட்டும்தான்.

ஆச்சியை இழந்த பிள்ளை அடுத்த வாரம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள், ஆச்சி அந்தப் பறவைகளிடம் என்ன சொல்லியிருப்பார் என்று. பீடி சுற்றியது, ரேஷன் கடை வரிசையில் ஒருத்தியோடு போட்ட சண்டை, தாமிரபரணியில் விட்டுவிட்ட ஒரு கம்மல். ஒரு நல்ல வார்த்தைகூட அலங்காரத்துக்காக இல்லை. வாசித்து முடித்ததும், “இது போதுமா, விட்டுருமா?” என்று கேட்டாள். மற்ற பிள்ளைகள் எல்லாரும் விட்டுவிடும் என்றார்கள். ஒருவன் மட்டும் சண்டையில் ஜெயித்தது யாரென்று எழுதவில்லையே என்றான், அவள் உடனே எழுதிச் சேர்த்தாள்.

இனி கடவுள். மூன்றாவது புத்தகத்தில் ‘அதிகாரம்’ என்று அழைக்கப்படுகிறவர், தான்தான் படைத்தவன் என்று பொய் சொல்லி ஆண்ட முதல் தேவதூதர், வயதாகிக் காற்றைப் போல இளைத்து, ஒரு கண்ணாடிப் பல்லக்குக்குள் அழுதுகொண்டிருக்கிறார். யாரென்று தெரியாமலே வில்லும் லைராவும் இரக்கப்பட்டு அவரை வெளியே எடுக்கிறார்கள், காற்றுப் பட்டதும் அவர் நிம்மதியாகக் கரைந்துபோகிறார். பிள்ளைகளின் எதிர்வினை என்று என் நோட்டில் இருப்பது இரண்டே வரி. “பாவம் தாத்தா.” “அந்தப் பல்லக்குல யாரு போட்டா அவர?”

ஆனால் ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறது, கதையில் கடவுள் செத்துப்போய்விட்டார் என்று. மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து நேராக அம்மா வந்துவிட்டார். கோபமாகப் பேசவில்லை, அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னேன். அமெரிக்காவில் கத்தோலிக்க லீக் இந்தச் சினிமாவைப் புறக்கணிக்கச் சொன்னது உண்மைதான், 2008-இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் பட்டியலில் அதிக எதிர்ப்பு வந்த புத்தகங்களில் இது இரண்டாம் இடத்தில் இருந்ததும் உண்மைதான், ஆனால் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குருவான கான்டர்பரி பேராயராக இருந்த ரோவன் வில்லியம்ஸே 2004-இல் புல்மனோடு ஒரே மேடையில் உட்கார்ந்து பேசினார், சமய வகுப்பில் இதைப் பாடமாக வைக்கலாம் என்றுகூடச் சொன்னார், புல்மன் தாக்குவது அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொடுமை செய்கிற அமைப்பைத்தானே என்று. அந்த அம்மா முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இருக்கட்டும் டீச்சர். பேராயர் பெரியவங்ககிட்ட பேசியிருக்காங்க. நீங்க எம் பிள்ளைகிட்ட பேசுதிய. எங்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிருக்கலாம்லா?”

சொல்லியிருக்கத்தான் வேண்டும். அது என் தவறு, பதில் கிடையாது. நான் புத்தகத்தை முழுக்க வாசித்தவள், மூன்றாவதில் என்ன வரும் என்று ஜூனிலேயே தெரியும், வாக்குவாதம் வருமே என்று பேசாமல் இருந்துவிட்டேன். அந்தப் பிள்ளையும் அவளோடு வந்துகொண்டிருந்த இன்னொரு பிள்ளையும் அதற்கப்புறம் வரவில்லை. மேலப்பாளையத்துப் பெண்ணின் அத்தாவும் வந்து கேட்டார். பெரிய சண்டை வெடிக்கப்போகிறது என்று நான் பயந்திருக்க, அவர், கதையில் வருகிறவர் படைத்தவர் இல்லை, படைத்தவர் என்று பொய் சொன்னவர் என்றால் எங்களுக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் பிள்ளைக்கு அந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள் என்றார். நியாயமான பேச்சு. மற்ற வீடுகளில் சிலர், அது அவர்களுடைய கடவுள்தானே, நமக்கென்ன என்று விட்டுவிட்டார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது இந்தப் பதில்தான். கோபப்பட்டு வந்தவர் புத்தகத்தை மதித்தார். இவர்கள் அதையும் மதிக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரரின் நம்பிக்கையையும் மதிக்கவில்லை.

ஒரு பிள்ளையின் தாத்தா, ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர், தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர், அவர் சொன்னதையும் பதிவு செய்ய வேண்டும். இந்த ஊர் இதற்கெல்லாம் புதிதில்லை என்றார். பக்கத்துக் கரையிருப்பில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியன் என்பவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆன்மப் பயணக் கதையைக் கம்பன் சாயலில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று காப்பியமாகப் பாடி 1894-இல் வெளியிட்டார், அதுவும் ஒரு மாயக்கதைதான், சந்தேகச் சிறையும் இராட்சதனும் எல்லாம் வரும் என்றார். “பனியனுக்குப் பதில் சொல்ல ஒருத்தர் தமிழ்ல காப்பியம் பாடுனார்னா, புல்மனுக்குப் பதில் சொல்ல நம்ம பிள்ளைகள் ஒரு பக்கமாவது எழுதட்டும், அதுக்கு முதல்ல வாசிக்கணும்லா” என்றார். கிருஷ்ணபிள்ளை பனியனுக்குப் பதிலாக எழுதவில்லை, அவர் வழியில்தான் எழுதினார், அதை நான் அவரிடமே சொன்னேன். ஒத்துக்கொண்டார், ஆனால் தன் கருத்தை விடவில்லை.

கடைசி அத்தியாயங்களை மார்ச்சில் இரண்டு சனிக்கிழமையாகப் பிரித்து வாசித்தேன். நல்ல வேளை. லைராவும் வில்லும் ஒருவரை ஒருவர் நேசிக்கிறார்கள், ஆனால் திறந்து கிடக்கிற வாசல் வழியாகப் புழுதி ஒழுகிப் போய்க்கொண்டே இருப்பதால் எல்லா வாசலையும் மூடியாக வேண்டும், செத்தவர்கள் வெளியேறுகிற ஒன்றைத் தவிர. அவரவர் உலகத்துக்குத் திரும்பிவிட வேண்டும். வருசத்தில் ஒரு நாள், ஆக்ஸ்போர்டு தாவரவியல் தோட்டத்தில் ஒரே பெஞ்சில், ஆளுக்கொரு உலகத்தில், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது என்று ஏற்பாடு.

பெரிய சண்டை. ஒரே ஒரு முடுக்கையாவது அவர்களுக்கு விட்டுவைத்தால் என்ன என்று பெண் பிள்ளைகள். முன்னீர்பள்ளத்துப் பக்கம் வயல் வைத்திருக்கிற வீட்டுப் பையன்தான் எதிர்த்துப் பேசினான். “மடைய ஒருத்தருக்குத் தொறந்து விட்டா எல்லாரும் கேப்பாவ. அப்பொறம் குளம் வத்திரும். கடைமடைக்காரன் என்ன செய்வான்?” தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளை நம்பி, கால்வாயில் முறைவைத்துத் தண்ணீர் வாங்குகிற ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு, புல்மன் பல பக்கம் விளக்குகிற நியாயம் ஒரே வரியில் பிடிபட்டுவிட்டது. பெண் பிள்ளைகள் அந்த நியாயத்தை ஒத்துக்கொண்டார்கள், முடிவை ஒத்துக்கொள்ளவில்லை. அதுவும் சரிதான்.

‘வெட்டுதான்’ என்று சொன்ன ஒன்பதாம் வகுப்புப் பையன் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. போகும்போது மட்டும், இது வெட்டு இல்லை, இவர்கள் ரெண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள், அதனால் இதைப் பிரிப்பு என்று சொல்லலாம் என்றான்.

2024 ஜூனில் வேறு ஒன்பது பிள்ளைகளோடு மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தடவை எல்லா வீட்டுக்கும் போய், மூன்றாவது புத்தகத்தில் என்ன நடக்கும் என்பதை உள்ளபடி சொல்லிவிட்டுத்தான் கூப்பிட்டேன். இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள், சரி என்று வந்துவிட்டேன். கொட்டகை அத்தியாயம் வாசிக்கிற அன்றைக்கு வேறு எதுவும் வைத்துக்கொள்வதில்லை, முழு நேரமும் பேச்சுக்குத்தான். செத்தவர் உலகத்தை நான் வாசிக்கப்போவதில்லை, அந்த இடத்தில் வில்லுப்பாட்டுதான். வில்லுப்பாட்டு வீட்டுப் பையன் ரோஜரின் கதையை வில்லில் கட்டிக்கொண்டிருக்கிறான், தாத்தா குடம் தருவதாகச் சொல்லிவிட்டார், வீசுகோல் மட்டும் புதிதாகச் செய்ய வேண்டும். முறைப்படி காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் எல்லாம் பாடித்தானே கதைக்குள் போகணும், அதில் ரெண்டு இடத்தில் நிற்கிறான். நாட்டுவளத்தை ஆக்ஸ்போர்டுக்குப் பாடவா பாளையங்கோட்டைக்குப் பாடவா என்பது ஒன்று. இன்னொன்றைப் போன வாரம் படியில் இறங்கிக்கொண்டே கேட்டான்: “காப்பு எந்தச் சாமிக்கு டீச்சர் பாட?” தாத்தாவிடமும் கேட்டுப் பார், நானும் யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.